கடை வாசலுக்கு ஒரு காவல் பெட்டி

தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சொந்தத் தொழில் நடத்துகிறார்கள். ஒருவர் பட்டணத்து ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒருவர் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்துகிறார். இன்னொரு வீட்டில் தாயும் மகளும் சேர்ந்து தையல் கடை வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைகளுக்குப் போட்ட முதல், பெரும்பாலும் தகப்பனார் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணமாக இருக்கும். அல்லது தாயார் கழற்றிக் கொடுத்த நகையாக இருக்கும். அப்படிப்பட்ட முதலுக்குக் காவல் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் கடைக்கு இரும்புக் கதவு போடுகிறோம். இரண்டு பூட்டுகளும் மாட்டுகிறோம். ஆனால், அந்தக் கடைக்கு இப்பொழுது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாசலும் இருக்கிறது. அதுதான் இணைய வாசல். அந்த வாசலுக்கு எப்படிப்பட்ட காவல் பெட்டியை வாங்குவது என்பதைப் பற்றி இன்று காண்போம்.

முன்பெல்லாம் கடைக்காரரின் கடன் கணக்கு, அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறிய புத்தகத்தில் இருந்தது. அது மேசை இழுப்பறையில் கிடக்கும். அதைத் திருட வேண்டுமானால் திருடன் கடைக்குள் நுழைந்தாக வேண்டும். இன்று கணக்கெல்லாம் கணினியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பாக்கி, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய தொகை, வேலையாட்களின் சம்பளம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம். கல்லாப் பக்கத்தில் வங்கி அட்டைக் கருவி இருக்கிறது. சுவரில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. இவை எல்லாம் ஒரே இணையக் கம்பியில் தொங்குகின்றன. அந்தக் கம்பியின் மறுமுனையில் உலகம் முழுவதும் நிற்கிறது.

அங்கே நிற்பவர்களில் ஒரு கூட்டத்தாருக்குத் திருடிக்கொண்டு போவதுகூட வேலையில்லை. கணினியில் உள்ள கணக்குகளை எல்லாம் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, “பணம் கொடுத்தால் திறக்கிறோம்” என்று சொல்வதே அவர்கள் தொழில். பெரிய நிறுவனமானால் எப்படியாவது எழுந்து நிற்கும். சிறு கடைக்கு மூன்று ஆண்டுக் கணக்கு ஒரே இரவில் போனால், பாக்கியை யாரிடம் கேட்பது? வரிக் கணக்கை எதை வைத்து எழுதுவது? ஆகவே, இது பெரிய முதலாளிகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று நினைத்துவிடக் கூடாது.

தீச்சுவர் என்றால் என்ன?

பலகையால் கட்டிய பழைய லயங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்தடுத்த வீடுகளுக்கும் பரவிவிடும். இடையில் ஒரு செங்கல் சுவர் இருந்தால் தீ அங்கே நின்றுவிடும். கட்டடக் கலையில் அதற்குத் தீச்சுவர் என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்பார்கள். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தபோதும் அதே தொல்லை வந்தது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதி விட்ட ஒரு நிரல், கணினிக்குக் கணினி தானாகவே பரவியது. பாதிக்கப்பட்ட கணினிகள் சுமார் 6,000 இருக்கும் என்று அப்பொழுது மதிப்பிட்டார்கள். இணைப்புகளுக்கு நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுப்பெற்றது. அந்தத் தடுப்புக் கருவிக்கும் ஃபயர்வால் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது? தோட்டத்து நுழைவாயிலில் நிற்கும் ஜாகாவை நினைத்துக் கொள்ளுங்கள். காலையில் தோட்டத்து லாரி உரம் ஏற்றப் போகிறது. ஜாகா அதன் எண்ணைக் குறித்துக் கொள்கிறார். மாலையில் அதே லாரி திரும்பி வந்தால் கதவைத் திறக்கிறார். யாரும் அழைக்காத லாரி ஒன்று வந்து நின்றால், “நீ யார்? யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். ஃபயர்வால் செய்வதும் இதுவே. செய்திகள் இணையத்தில் சிறு சிறு பொட்டலங்களாகப் போய் வருகின்றன. உள்ளேயிருந்து நாம் கேட்டதற்குப் பதிலாக வரும் பொட்டலத்தை அது உள்ளே விடுகிறது. கேட்காமல் வருவதை வாசலிலேயே நிறுத்துகிறது.

கையில் இருக்கும் பெட்டி

இணையச் சேவை நிறுவனத்தார் இணைப்பைக் கொடுக்கும்போது, ரவுட்டர் என்ற ஒரு பெட்டியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். விலையுயர்ந்த கருவியை விற்க வருகிறவர், “இதில் ஒன்றும் பாதுகாப்பே இல்லை” என்று சொல்லக்கூடும். அது முழு உண்மையன்று. சாதாரண ரவுட்டரும் அந்த ஜாகா வேலையின் முதற்பகுதியைச் செய்கிறது. கேட்காமல் வரும் பொட்டலத்தை அதுவும் தடுக்கிறது. அப்படியானால் திருடர்கள் எப்படி நுழைகிறார்கள்? பெரும்பாலும் நாமே திறந்து வைக்கும் கதவுகள் வழியாகத்தான்.

முதற் கதவு, கேமராவுக்காகத் திறப்பது. வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் கடையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கேமரா பொருத்த வந்தவர், ரவுட்டரில் அதற்கென்று ஒரு வழியைத் திறந்துவிட்டுப் போகிறார். கேமராவின் கடவுச்சொல்லோ தொழிற்சாலையில் வைத்த பழைய சொல்லாகவே இருக்கிறது. இதனால் என்ன ஆகும் என்பதை 2016-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மிராய் என்ற நிரல் இணையம் முழுவதும் அலைந்து, சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அத்தகைய கருவிகளை ஒருசேர ஏவி, டைன் என்ற நிறுவனத்தின் சேவையை முடக்கினார்கள். அதனால் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையத் தளங்களே பல மணி நேரம் திறக்கவில்லை. கடையைக் காக்க வாங்கிய கேமரா, ஊரைத் தாக்கும் அடியாளாக மாறிற்று.

இரண்டாவது கதவு, கணக்கு மென்பொருளைப் பழுது பார்ப்பவருக்காகத் திறப்பது. அவர் தம் இடத்திலிருந்தே நம் கணினியை இயக்குவதற்கு ஒரு வழி செய்து வைக்கிறார். வேலை முடிந்த பிறகு அதை மூட யாரும் நினைப்பதில்லை. கணக்குகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தார் இப்படித் திறந்து கிடக்கும் வழிகளைத்தான் இரவும் பகலும் தேடுகிறார்கள். தேடுவது மனிதர் அல்லர், இயந்திரம். ஆகவே, “நம்முடையது சின்னக் கடை, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்ற எண்ணம் உதவாது. இயந்திரத்துக்குச் சின்னக் கடையும் பெரிய கடையும் ஒன்றே.

மூன்றாவது கதவு, பழமை. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டிருந்தது. அதைப் பலர் போட்டுக் கொள்ளவில்லை. பின்னர் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் இதை ஆராய்ந்தது. திருத்தம் போடாதிருந்தாலும், இணையத்தை நோக்கியிருந்த தீச்சுவர்களை ஒழுங்காகப் பேணியிருந்தால் அந்த மருத்துவமனைகள் தப்பியிருக்கும் என்று அதன் அறிக்கை கூறியது.

நேயர்களே, இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பெட்டி இல்லாததால் மட்டும் கேடு வருவதில்லை. இருக்கும் பெட்டியைக் கவனிக்க ஆள் இல்லாததால்தான் பெரும்பாலும் கேடு வருகிறது. எனவே, காவல் பெட்டி வாங்கப் போகிறவர் அதன் விலையையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன்னால், “இதை யார், எத்தனை ஆண்டுகள் கவனிக்கப் போகிறார்கள்?” என்று கேட்க வேண்டும். இனி நாம் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இணையத்தில் மாட்டியுள்ள கருவிகள் எவை? கணினி எத்தனை, கேமரா எத்தனை, அச்சு இயந்திரம் உண்டா, வங்கி அட்டைக் கருவி உண்டா, வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கிறோமா? எந்தக் கணக்கு போனால் தொழில் நின்றுவிடும்? வெளியிலிருந்து கடைக் கணினியைத் தொட வேண்டியவர் யாராவது உண்டா? இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எந்த வகைப் பெட்டி வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

தையல் கடைக்கு ஒரு மடிக்கணினியும் இரண்டு கைப்பேசிகளும் மட்டுமே உண்டு என்று வைத்துக் கொள்வோம். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை. இப்படிப்பட்ட கடைக்குச் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரே போதும். அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, தேவையற்ற வழிகளை மூடிவிட்டால் காசு செலவில்லாமலே காரியம் முடிந்தது. மிச்சப்படும் பணத்தில் கணக்கைப் படி எடுத்து வைக்க ஒரு வெளித்தட்டு வாங்கலாம்.

மளிகைக் கடை வேறு வகை. அங்கே கணக்குக் கணினி, அட்டைக் கருவி, கேமராப் பதிவுப் பெட்டி, வாடிக்கையாளர் வைஃபை எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. இவற்றைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைக்கத் தெரிந்த நல்ல ரவுட்டரோ, சிறிய தனி ஃபயர்வாலோ தேவை.

மூன்றாவது வகை, லாரி நிறுவனம், மருந்தகம், பிள்ளைகளுக்கான பாட நிலையம் போன்றவை. பத்து இருபது கணினிகள், இரண்டு கிளைகள், பிறருடைய அடையாளக் கார்டு எண்களும் முகவரிகளும் உள்ள கோப்புகள் என்று இருந்தால், முழுமையான ஃபயர்வாலும் அதைப் பார்த்துக் கொள்ள ஒப்பந்த ஆளும் வேண்டும். இங்கே சட்டமும் குறுக்கிடுகிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு 2024-இல் செய்த திருத்தப்படி, பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடமை 2025 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

முதற் கேள்வி: “இந்தப் பெட்டிக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்?” காவல் பெட்டியும் உள்ளுக்குள் ஒரு கணினிதான். அதிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். தயாரித்தவர் திருத்தம் அனுப்பிக் கொண்டே இருந்தால்தான் அது காவல். நிறுத்திவிட்டால் வேலியே பயிரை மேயத் தொடங்கும். 2018 மே மாதத்தில், குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் ரவுட்டர்களும் சேமிப்புப் பெட்டிகளும் ஒரு கள்ள நிரலின் பிடியில் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்தவை. ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையே பொதுமக்களைக் கேட்டுக் கொண்டது.

ஆகவே, மலிவு விலையில் கிடைக்கும் பழைய மாடலுக்கு இன்னும் ஓராண்டுதான் ஆயுள் என்றால், அது மலிவு ஆகாது. திருத்தம் எதுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். பிள்ளைகளைக் கொண்டு மாடல் எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, இணையத்தில் மாட்டும் கருவியை விற்பவர் குறைந்தபட்சம் எத்தனை காலம் திருத்தம் தருவார் என்று சொல்லியே ஆக வேண்டும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் வைப்பதையும் அச்சட்டம் தடை செய்கிறது. சிங்கப்பூரில் 2020 அக்டோபர் முதல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் ஒன்று நடக்கிறது. அதில் நான்கு படிகள் உண்டு. அங்கே விற்கும் வைஃபை ரவுட்டர்கள் 2021 ஏப்ரல் முதல் அந்தத் தரத்துக்கு உட்பட்டாக வேண்டும். நாம் வாங்குவது எந்த ஊரானாலும், அந்த மாடல் அங்கே முத்திரை பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

இரண்டாவது கேள்வி: “ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தா எவ்வளவு?” பெரிய ஃபயர்வால்களில் பெட்டி ஒரு விலை, புதிய வைரஸ்களையும் கள்ளத் தளங்களையும் அடையாளம் காட்டும் பட்டியலுக்கு ஆண்டுச் சந்தா தனி. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். பெட்டி 1,500 வெள்ளி, சந்தா ஆண்டுக்கு 800 வெள்ளி, முதலாண்டுச் சந்தா விலையில் அடக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 1,500-உம் 3,200-உம் சேர்ந்து 4,700 வெள்ளி ஆகிறது. விலைச் சீட்டில் கண்டது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இரண்டாம் ஆண்டில் சந்தா கட்ட முடியாது என்று முன்பே தெரிந்தால், அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். சந்தா இல்லாமலே திருத்தம் தரும் எளிய பெட்டி அதைவிட மேல்.

மூன்றாவது கேள்வி: “எல்லாச் சோதனைகளையும் இயக்கினால் வேகம் எவ்வளவு?” விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது, ஜாகா வண்டி எண்ணை மட்டும் பார்த்து விடும்போது உள்ள வேகம். ஒவ்வொரு சாக்கையும் பிரித்துப் பார்க்கச் சொன்னால் வரிசை நீளும் அல்லவா? அந்த வேகம் அதே தாளில் சிறிய எழுத்தில் தனியாக இருக்கும். உங்கள் இணைய இணைப்பு 300 மெகாபிட் என்றால், எல்லாச் சோதனையும் நடக்கும்போதே 300-க்குக் குறையாத பெட்டி வேண்டும். இல்லையேல், கடை மந்தமாகிவிட்டது என்று யாராவது ஒருநாள் சோதனையை அணைத்துவிடுவார்கள். பிறகு பெட்டி இருந்தும் பயனில்லை.

நான்காவது கேள்வி: “கருவிகளைத் தனித்தனிப் பிரிவாக வைக்க முடியுமா?” தோட்டத்தில் அலுவலகம் ஒரு பக்கம், ஸ்டோர் ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம். ஸ்டோருக்கு வந்தவன் அலுவலகப் பெட்டியைத் திறக்க முடியாது. அதுபோல, கணக்குக் கணினியும் அட்டைக் கருவியும் ஒரு பிரிவு, கேமராக்கள் ஒரு பிரிவு, வாடிக்கையாளர் வைஃபை ஒரு பிரிவு என்று பிரிக்க வேண்டும். கேமரா கெட்டாலும் கணக்குக்குத் தீ பரவாது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருட்டுப் போயின. திருடர்கள் முதலில் கைப்பற்றியது, குளிர்பதன வேலை செய்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லை. அந்த வழியாக நுழைந்தவர்கள் கல்லாப் பெட்டிகள் வரை நடந்து போக முடிந்தது. நடுவிலே சுவர் உறுதியாக இல்லாததுதான் காரணம்.

ஐந்தாவது கேள்வி: “வெளியிலிருந்து உள்ளே வருவதற்குப் பாதுகாப்பான வழி உண்டா?” வீட்டிலிருந்து கணக்கைப் பார்க்க வேண்டுமானால், வாசலைத் திறந்து போடாமல், வி.பி.என். எனப்படும் மூடிய சுரங்கப் பாதையைப் பயன்படுத்தலாம். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு அதில் இருக்க வேண்டும். வெளி ஆள் யாரும் வரத் தேவையில்லாத கடைக்கு இந்த வசதியே வேண்டாம். இல்லாத கதவை யாராலும் உடைக்க முடியாது.

ஆறாவது கேள்வி: “கெட்டுப் போனால் யார் வருவார்?” நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். மின்சாரம் தாவி ரவுட்டர் கருகிப் போவது புதிதல்ல. ஆகவே, மின்தாவல் தடுக்கும் செருகுப் பலகையும் சேர்த்து வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, மாற்றுப் பெட்டி எத்தனை நாளில் கிடைக்கும், அமைத்துக் கொடுத்தவர் ஊரில் இருப்பவரா என்று கேளுங்கள். தூரத்து நிறுவனத்தின் உயர்ந்த பெட்டியைவிட, பக்கத்து ஊர்ப் பையன் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் நடுத்தரப் பெட்டி பல வேளைகளில் மேலானது.

பழைய பெட்டியைக் கைமாற்றாக வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் கழித்த ஃபயர்வால்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றின் சந்தா முதல் உரிமையாளரின் பெயரில் இருக்கலாம். திருத்தம் நின்றுபோயும் இருக்கலாம். இவ்விரண்டையும் உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். நாம் பெட்டியை விற்கும்போதும், அதிலுள்ளவற்றை முழுவதும் அழித்துவிட்டே கொடுக்க வேண்டும்.

பெட்டியால் முடியாதவை

ஜாகா எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், வீட்டுக்காரரே அழைத்து வந்த விருந்தாளியை அவர் தடுப்பதில்லை. இன்று இணையத்தில் போய் வரும் பொட்டலங்களில் பெரும்பாலானவை முத்திரையிட்டு மூடியவை. சாதாரணப் பெட்டி அவற்றைப் பிரித்துப் படிப்பதில்லை. கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. அதைத் தொட்டால் அழைப்பிதழ் வருவதில்லை. வங்கிக் குறியீடுகளைத் திருடும் ஒரு செயலி கைப்பேசியில் ஏறிக்கொள்கிறது. மலேசியாவில் இப்படிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. ஆயிரம் வெள்ளி ஃபயர்வால் இருந்தாலும் இதற்குப் பொறுப்பேற்காது. தெரியாத கோப்பைத் தொடாதிருக்கும் பழக்கம்தான் அதற்குக் காவல்.

அதைப் போலவே, கணக்கைப் படி எடுத்து வைப்பதும் பெட்டியின் வேலையன்று. வாரம் ஒரு முறையாவது கணக்குகளை ஒரு வெளித்தட்டில் படி எடுங்கள். எடுத்த பிறகு அதைக் கணினியிலிருந்து கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். மாட்டியபடியே விட்டால், கணினியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடுவார்கள். படி ஒன்று பத்திரமாக இருந்தால், பணம் கேட்கிறவனைப் பார்த்து நாம் அஞ்ச வேண்டியதில்லை.

பொருத்தும் நாளில்

பெட்டியைப் பொருத்த வருபவர் அவசரமாகப் போய்விடாமல் சிலவற்றைச் செய்யச் சொல்லுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை உங்கள் கண்முன்னே மாற்ற வேண்டும். புதிய சொல் உங்களிடம் இருக்க வேண்டும். அவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. மென்பொருளைப் புதுப்பித்து, தானாகவே புதுப்பித்துக் கொள்ளும்படி வைக்க வேண்டும். இணையத்திலிருந்து பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைக்க வேண்டும். கருவிகள் கேட்டவுடன் தானாகவே கதவைத் திறந்துவிடும் யூ.பி.என்.பி. என்ற வசதியையும் அணைக்க வேண்டும். வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ. 3 அல்லது டபிள்யூ.பி.ஏ. 2 முறையைத்தான் வைக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை 2001-ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. கடைசியாக, என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன, எதற்காக என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கடைப் பத்திரங்களோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்த்து, தேவையற்ற கதவு இருந்தால் மூடச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையாக இருந்தும் கேடு நேர்ந்தால், முதலில் பாதிக்கப்பட்ட கணினியை இணையத்திலிருந்து கழற்றுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். சைபர் செக்கியூரிட்டி மலேசியா நடத்தும் சைபர் 999 உதவிச் சேவையிடம் தெரிவியுங்கள். ஏமாற்றி வங்கிப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். வெட்கப்பட்டு மறைத்து வைப்பதால் திருடனுக்குத்தான் நேரம் கிடைக்கிறது.

நேயர்களே, இந்த வேலையில் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. கணினி படித்த பிள்ளை ஒருவர் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழைத்து, அந்தத் தாளையும் பெட்டியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். பெட்டியை எத்தனை விலைக்கு வாங்கினீர்கள் என்பது ஓராண்டில் மறந்து போகும். அதை யார் கவனிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், உங்கள் பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த முதல் பத்திரமாக இருக்கும்.